ஏழையின் வீடு: மும்பைத் தமிழ் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வறுமையையும் வீட்டையும் பற்றி இலக்கியமும் வரலாறும் சொல்வதை மும்பைத் தமிழர்களோடு பேசும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். தாராவியில் பிறந்து இப்போது டோம்பிவிலியிலோ நவி மும்பையிலோ குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுக்காக வருகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: ஏழைகளுக்கு வீடு இருக்கிறது, அதை வீடு என்று ஏற்க மறுப்பவர்கள்தான் பலர்.

வறுமையைப் பேச வருமானக் கணக்கு போதாதா? வீடு ஏன் நடுவில் வருகிறது?

ஒரு குடும்பம் எவ்வளவு வாங்க முடியும் என்பதோடு வருமானக் கணக்கு நின்றுவிடும். இரவில் யார் எங்கே படுக்கிறார்கள், வயதுக்கு வந்த பெண் எங்கே உடை மாற்றுகிறாள், மழை ஒழுகும்போது பள்ளிப் புத்தகங்கள் எங்கே போகின்றன, ரேஷன் அட்டையில் எந்த முகவரி இருக்கிறது என்பதெல்லாம் வீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

மும்பையில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. இந்த நகரம் உழைப்பாளிகளை அழைத்தது. அவர்கள் தங்குவதற்கு இடம் ஒதுக்கவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் சால் எனப்படும் வரிசை அறைக் கட்டடங்களில் ஒற்றை அறைக்குள் குடும்பமாகவும், பல ஆண்கள் சேர்ந்து முறைவைத்துத் தூங்குபவர்களாகவும் வாழ்ந்தார்கள். 1896இல் பிளேக் பரவியபோது நோய்க்குக் காரணம் நெரிசலான குடியிருப்புகள் என்று அரசு முடிவு செய்தது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்து, அத்தகைய வீடுகளை இடிக்கத் தொடங்கியது. இடித்த அளவுக்குக் கட்டவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்துத் தெருக்களில் இன்னும் நெருக்கமாக அடைந்தார்கள். சுகாதாரம் என்ற பெயரில் ஏழையின் வீட்டை அகற்றும் பழக்கம் இந்த நகரத்துக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பழையது.

சங்க இலக்கியத்தில் ஏழையின் வீடு வருகிறதா?

வருகிறது. அதைவிட நுட்பமாகப் பிற்காலத்தில் யாரும் எழுதிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

புறநானூற்றின் 164ஆம் பாட்டு பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனிடம் பாடியது. "ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப" என்று தொடங்குகிறது. சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் வற்றிய முலையைச் சுவைத்துச் சுவைத்து அழும் குழந்தையைத் தாய் பார்க்கிறாள். அவளைக் கணவன் பார்க்கிறான். ஒரு வீட்டின் வறுமை முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதிலேயே வந்துவிடுகிறது.

160ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தம் மகனைக் காட்டுகிறார். "இல்லுணாத் துறத்தலின் இல்மறந்து உறையும்" சிறுவன் அவன். வீட்டை உணவு துறந்துவிட்டது. அதனால் அவன் வீட்டையே மறந்து வெளியில் திரிகிறான். வந்தால் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்துவிட்டு அழுகிறான். தாய் புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள். நிலாவைக் காட்டுகிறாள். கடைசியில், அப்பாவை நினைத்துக் கோபமாக முகத்தை வைத்துக் காட்டு என்று கேட்கிறாள். பசித்த குழந்தையின் கவனத்தை வேறு பக்கம் திருப்ப ஒரு தாய் எத்தனை வழிகளைத் தேடுகிறாள் என்று பாருங்கள். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் சந்தியிலேயே நிற்கும் பிள்ளைகளை நம் பகுதிகளில் பார்த்தவர்களுக்கு இந்தச் சிறுவன் புதியவன் அல்லன்.

என் மனத்தில் எப்போதும் நிற்பது சிறுபாணாற்றுப்படையின் வீடு. நல்லூர் நத்தத்தனார் பாடியது. அந்த வீட்டின் அடுக்களையில் குட்டி போட்ட நாய் ஒன்று, கண் திறக்காத குட்டிகள் பால் இல்லாத மடியைப் பற்றி இழுக்கும் வலி தாங்காமல் குரைக்கிறது. கரையான் அரித்த சுவர், அதிலும் காளான். பசியால் இடுப்பு ஒடுங்கிய பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு "மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து", அதாவது வறுமையின் இயல்பை அறியாதவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று நாணிக் கதவை அடைத்துவிட்டு, பெரிய சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள்.

அந்தக் கதவைக் கவனியுங்கள். உப்புகூட இல்லாத அந்தக் குடும்பத்துக்குக் கதவு இருக்கிறது. எதை ஊர் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்யும் உரிமை அவளிடம் இருக்கிறது. நடைபாதையில் தார்ப்பாய் கட்டி வாழும் பெண்ணிடம் முதலில் பறிபோவது இந்த உரிமைதான். பின்னால் வரும் சட்டம், வழக்கு, மறுகுடியமர்வு பற்றிய பதில்களைப் படிக்கும்போதும் இந்தக் கதவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புலவர்கள் பரிசு வாங்குவதற்காக வறுமையை மிகைப்படுத்தினார்கள் என்கிறார்களே?

அடுக்களையில் காளான் பூப்பது 164ஆம் பாட்டிலும் சிறுபாணாற்றுப்படையிலும் வருகிறது என்பதே அது ஒரு மரபுப் படிமம் என்பதற்குச் சான்று. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மகனிடம் கோபமுகம் காட்டச் சொல்லும் தாயை எந்த மரபும் கற்றுக்கொடுக்காது.

பரிசு வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். 163ஆம் பாட்டில் அதே பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற செல்வத்தோடு வீடு திரும்பி மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்பி வாழ்பவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, சுற்றத்துக்குக் கொடு, நம் பசி தீர முன்பு நெடுநாள் கடன் தந்து உதவியவர்களுக்குக் கொடு. இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னிடமும் கேட்காதே, நாம் மட்டும் நன்றாக வாழ்வோம் என்று சேர்த்தும் வைக்காதே என்கிறார். அவளை "மனைகிழவோயே" என்று அழைக்கிறார். அந்த மனைக்கு உரிமையுடையவள் அவள். பரிசுக்காக மட்டும் பாடியவர் இந்தப் பாட்டைப் பாடியிருக்க வேண்டியதே இல்லை. படி அரிசி கடன் கொடுத்த பக்கத்து வீட்டையும் தம் வீட்டின் கணக்கில் சேர்க்கும் மனம் இங்கே தெரிகிறது. தாராவிச் சந்துகளில் அதே மனத்தால்தான் பல குடும்பங்கள் மழைக்காலங்களைத் தாண்டியிருக்கின்றன.

தாராவிக்குத் தமிழர்கள் எப்போது வந்தார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர்; மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். நகரத்துக்குள் இருக்கக்கூடாது என்று விலக்கப்பட்ட தொழில்கள் இங்கே தள்ளப்பட்டன. 1887இல் முதல் தோல் பதனிடும் கூடம் வந்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அந்த வேலைக்கு வந்தார்கள். பின்னர் நாடார் முதலிய பிற சமூகத்தாரும் வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் குடியேறினார்கள். 1913இல் தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோவில் இன்றும் இருக்கிறது.

வந்தவர்கள் கையில் கட்டிய வீடு எதுவும் கொடுக்கப்படவில்லை. சதுப்பில் மண்ணும் கழிவும் கொட்டி நிரப்பி, நிரப்பிய நிலத்தின் மேல் வாழ்ந்தார்கள். தாராவியை ஆக்கிரமிப்பு என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அங்கே நிலம் என்று ஒன்று உண்டாவதற்கே இந்த மக்களின் உழைப்பு தேவைப்பட்டது.

அவர்களுக்குச் சொந்த ஊரில் வீடு இல்லையா? ஏன் திரும்பிப் போகவில்லை?

இந்தக் கேள்வி நல்லெண்ணத்தோடுதான் கேட்கப்படுகிறது. ஆனாலும் எனக்கு வருத்தம் தரும் கேள்வி இது.

வந்தவர்களில் பலர் சேரியிலிருந்து வந்தார்கள். அங்கே அவர்கள் குடிசை நின்ற மண்ணுக்குப் பட்டா கிடையாது. பண்ணையார் முகம் சுளித்தால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். கிணற்றுக்கும் கோவிலுக்கும் தெருவுக்கும் தடை இருந்தது. அந்த ஊரை நினைத்து ஏங்குவதும் உண்டு, அதிலிருந்து தப்பியதற்காக நிம்மதி அடைவதும் உண்டு. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கும். கோவில் கொடைக்குப் போவார், ஊரில் காரை வீடு கட்டப் பணம் அனுப்புவார், பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பமாட்டார்.

இதே திருநெல்வேலிச் சீமையின் இன்னொரு பயணத்தைப் புதுமைப்பித்தன் 1935இல் 'துன்பக்கேணி'யில் எழுதினார். சேரிப் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். ஊரிலும் அவளுக்கு இடமில்லை, தோட்டத்திலும் இல்லை. இலங்கை, பர்மா, கோலார் தங்கவயல், பம்பாய் என்று நம் மக்கள் போன திசைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த நிலமின்மை இருக்கிறது.

மூன்றாம் தலைமுறையில் கேள்வியே மாறிவிடுகிறது. சயானில் பிறந்து, மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்து பேசி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண்ணிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் அவள் தாத்தாவின் கிராமத்துப் பெயரைச் சொல்வாள். அங்கே அவளுக்குத் தெரிந்த வீடு ஒன்றுகூட இருக்காது. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களை வெளியேறச் சொல்லி இந்த நகரத்தில் எழுந்த குரல்கள் அந்தப் பதிலைத்தான் அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தின.

நடைபாதைவாசிகள் வழக்கில் ஒரு தமிழரும் இருந்தாராமே?

ஆம். மும்பைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. நடைபாதைவாசிகளை வெளியேற்றுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் நடந்த அதை ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் ஒரு பத்திரிகையாளர். தனியே மனுச் செய்தவர்களில் நடைபாதையில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சேலத்துக்காரர்.

தீர்ப்பு அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். சேலத்தில் நிலமற்ற கூலி. வறட்சியால் வேலை போனது. 1961இல் பம்பாய்க்கு வந்தார். தஹிசரில் ஒரு ரசாயன நிறுவனத்தில் நாள் கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்காக அந்தப் பகுதியை ஆட்டிவைத்தவன் ஒருவன் 2,500 ரூபாய் பறித்திருந்தான். மனைவியும் மூன்று மகள்களும் உடன் இருந்தார்கள். மூத்தவளுக்குப் பதினாறு வயது.

1981 ஜூலை 13 அன்று முதலமைச்சர் அந்துலே, நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். ஜூலை மாதத்தின் மும்பை மழையை அறிந்தவர்களுக்கு அது என்ன பொருள் என்று தெரியும். ஜூலை 23 அன்று சேலத்துக்காரரின் குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியையும் மகள்களையும் அங்கே விட்டுவிட்டு அவர் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பினார். மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்தார்.

அரசு அவரை வீட்டுக்கு அனுப்பியதாக நினைத்தது. வீடு என்ற சொல்லுக்கு அரசு வைத்திருந்த பொருள் பிறந்த ஊர். அவருக்கோ, சோறு கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடும்பம் ஒன்றாகப் படுக்கும் இடம்தான் வீடு. பஸ் அந்தக் குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டுப் போனது. நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தந்திருக்கும்போதுதான் இது நடந்தது.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும். வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே இவர்கள் நடைபாதையில் தங்குகிறார்கள். இருப்பிடம் போனால் வேலையும் போகும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்தியச் சட்ட வரலாற்றில் இது பெரிய முன்னேற்றம். அதே தீர்ப்பு, நடைபாதையைக் காலி செய்ய மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. மழைக்காலம் முடிய, அக்டோபர் 31 வரை இடிக்க வேண்டாம் என்றது. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. உரிமையை ஒப்புக்கொண்டு, உறைவிடத்தை விட்டுக்கொடுத்த தீர்ப்பு என்று நான் அதைப் படிக்கிறேன். வாழ்வாதாரத்துக்குக் கிடைத்த இடம் வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

1976 கணக்கெடுப்பு என்றால் என்ன? ஏன் எல்லோரும் அந்த ஆண்டையே சொல்கிறார்கள்?

மகாராஷ்டிர அரசு அந்த ஆண்டு ஜனவரியில் நகரின் குடிசைப் பகுதிகளை எண்ணி, குடும்பங்களுக்குப் புகைப்பட அட்டை கொடுத்தது. மக்கள் அதைப் போட்டோ பாஸ் என்கிறார்கள். அந்த அட்டை வைத்திருப்பவரை மாற்று இடம் தராமல் வெளியேற்ற முடியாது என்ற நிலை உருவானது. அன்று வேலைக்குப் போயிருந்ததால், ஊருக்குப் போயிருந்ததால் எண்ணப்படாமல் விட்டுப்போனவர்கள் பின்னர் பல ஆண்டுகள் அலைந்தார்கள். பிறகு 1995, 2000, 2011 என்று தகுதிக்கான ஆண்டுகள் மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு ஆண்டும் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர், அந்தப் பக்கம் ஆக்கிரமிப்பாளர். இடையில் இருப்பது ஒரு மெல்லிய சுவராகக்கூட இருக்கும்.

தாராவிக்காரர்கள் பழைய மின் கட்டண ரசீதையும் ரேஷன் அட்டையையும் நகைகளோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைப்பது இதனால்தான்.

ஜோக்கின் அற்புதம் யார்?

கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960களில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தார். அணு ஆராய்ச்சி மையத்துக்கு அருகில் இருந்த ஜனதா காலனியில் வாழ்ந்தார். குப்பை அள்ளப்படாத பகுதி அது. பிள்ளைகளைத் திரட்டி, குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டவைத்தார். அங்கிருந்து அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது.

நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், ஜனதா காலனி முழுவதும் இடிக்கப்பட்டது. பல்லாண்டுகள் வாழ்ந்த மக்கள் டிராம்பேயில் சீத்தா கேம்ப் என்ற இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நீதிமன்றம், டெல்லி வரை போராடிப் பார்த்தும் தடுக்க முடியவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் முக்கியமானது. எங்களை எண்ணுகிறவர்கள் நாங்களாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு வழியாக மக்களே தங்கள் பகுதியின் வீடுகளை, குழாய்களை, கழிப்பறைகளை எண்ணி வரைபடம் தயாரித்தார்கள். 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 2018இல் மறைந்தார். இவரைப் பற்றித் தமிழில் ஒரு முழுமையான வாழ்க்கை வரலாறு வர வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

பெண்களுக்கு வீடு என்றால் வேறு பொருளா?

ஆம், பெரும்பாலும் வேறுதான். ஆண் பத்து அடிக்குப் பத்து அடி அறையை விட்டுத் தெருவுக்குப் போய்விட முடியும். பெண் அதற்குள்ளேயே சமைக்கிறாள், பிள்ளை பெற்று வளர்க்கிறாள், நோயாளியைப் பார்க்கிறாள், வேலையும் செய்கிறாள். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்பும் வீடுகள் உண்டு. அப்பளம் உருட்டி வாசலில் கூடை கவிழ்த்துக் காயவைக்கும் பெண்கள் உண்டு. அந்த வாசல் அவர்களுக்கு உணவு தரும் இடம்.

குளிப்பதற்கு அறையின் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு. மோரி என்று இங்கே சொல்கிறார்கள். பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். திரை இழுத்தால் குளியலறை. கழிப்பறையோ தெருக்கோடியில். இருட்டும்வரை காத்திருந்து, துணைக்கு ஆள் தேடிப் போக வேண்டிய ஒரு பெண்ணிடம் வீடு எங்கே முடிகிறது என்று கேட்டால் கழிப்பறை வரை என்பாள். நம் இலக்கியம் இந்தத் தூரத்தை இன்னும் சரியாக எழுதவில்லை.

1980களின் நடுவில் பைகுலா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் மகிளா மிலன் என்ற அமைப்பாகத் திரண்டார்கள். தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே வடிவமைத்தார்கள். புடவையையும் உடம்பையும் அளவுகோலாக வைத்து நீள அகலம் கணக்கிட்டார்கள். பதினான்கு அடி உயரமும் உள்ளே ஒரு பரணும் வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகள் மேலே படுக்கலாம், படிக்கலாம். எந்தக் கட்டடக்கலை மாணவரும் கற்க வேண்டிய அறிவு அது.

நவீனத் தமிழ் இலக்கியம் இதை எப்படி எழுதியிருக்கிறது?

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் வந்தது. ஆலைக்குப் போகும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வேண்டும் என்பதற்காக ஒரு சந்துக்குள் போகிறாள். கற்பைப் பற்றிப் பேசும் நடுத்தர வர்க்கத்தை அந்தக் கதை நேரே கேள்வி கேட்கிறது. அது அறைகிற கதைதான். ஆனால் அதன் பார்வை சந்தின் முனையில் நிற்கிறவருடையது; வீட்டுக்குள் நாம் அதிகம் போவதில்லை. ஜெயகாந்தன் உள்ளே போனார். 'உன்னைப் போல் ஒருவன்' கதையில் சித்தாள் வேலை செய்யும் தாய் ஒரு கிளி ஜோசியரைத் துணையாக ஏற்கிறாள். மகன் சிட்டி அவரை ஏற்க மறுக்கிறான். ஒரு குடிசைக்குள் யார் வரலாம் என்பதை ஒரு சிறுவனின் மானப் பிரச்சினையாக, பெரிய வீட்டுக் கதைக்குக் கொடுக்கும் அதே கனத்தோடு எழுதினார். அவரே எடுத்த படமும் 1965இல் வெளிவந்தது.

பம்பாயைப் பொறுத்தவரை நாஞ்சில் நாடனின் 'மிதவை', 'சதுரங்கக் குதிரை' இரண்டும் கட்டாயம் படிக்க வேண்டியவை. படித்து, வேலை தேடி வந்த தனி ஆணின் பம்பாய் அது. கட்டில் அளவு இடம், வாடகை, மெஸ் சாப்பாடு, ஊரில் மதிப்பில்லை, இங்கே வேரில்லை. 'எட்டுத்திக்கும் மதயானை'யில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒருவனின் வழியாக இந்த வீடற்ற நிலை இன்னும் கூர்மையாகிறது. பல்லாண்டுகளாக மும்பையில் வாழும் அம்பை, 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் வசதியான ராஜஸ்தான் குடும்பத்தின் பெரிய வீட்டில் பெண்களுக்குக் கிடைக்கும் இருண்ட மூலையைக் காட்டினார். அந்த வீட்டில் பணம் இருக்கிறது. பெண்ணின் இடம் மட்டும் ஏழ்மையாக இருக்கிறது. புதியமாதவி தாராவி வாழ்வை அருகிலிருந்து அறிந்து எழுதுகிறவர்.

இருந்தும் குறை இருக்கிறது. தாராவித் தோல் கூடத்தில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்தின் நாவல் தமிழில் இன்னும் வரவில்லை என்றே என் வாசிப்பில் சொல்வேன். எழுத வேண்டியவர்கள் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள்.

மராத்தியில் என்ன படிக்கலாம்?

நாராயண் சுர்வே முதலில். கைவிடப்பட்ட குழந்தையாகக் கிடந்தவரை ஓர் ஆலைத் தொழிலாளி எடுத்து வளர்த்தார். 'மாஜே வித்யாபீட்', அதாவது 'என் பல்கலைக்கழகம்', 1966இல் வந்த தொகுப்பு. அந்தப் பெயருடைய கவிதையில், வீடும் இல்லை சுற்றமும் இல்லை, நடக்கும் அளவுக்குக் காலடியில் நிலம் இருந்தது, நகராட்சியின் நடைபாதை இலவசமாகத் திறந்திருந்தது என்கிறார். புலம்பல் இல்லாத குரல். பாபுராவ் பாகுலின் சிறுகதைகள், நாம்தேவ் டசாலின் கவிதைத் தொகுப்பு 'கோல்பிட்டா', 1978இல் வந்த தயா பவாரின் தன்வரலாறு 'பலுட்டா' ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மக்களும் அவர்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அவர்கள் எழுத்தைப் படிக்காமல் மும்பைத் தமிழர் வறுமையைப் பற்றி எழுதுவது அரைகுறையாகவே இருக்கும்.

திரைப்படங்கள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். 'நாயகன்' (1987) தாராவித் தமிழரை ஒரு தலைவனின் கதையாகப் பார்த்தது. 'காலா' (2018) நில உரிமையை நேராகப் பேசியது. வீட்டைப் பற்றி இவற்றைவிட அதிகம் சொல்வது கே.ஏ. அப்பாஸின் 'ஷெஹர் அவுர் சப்னா' (1963) என்ற இந்திப் படம். இடமில்லாத ஓர் இளம் தம்பதி பெரிய வடிகால் குழாய் ஒன்றுக்குள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இப்படிப் பேசுவது வறுமையை அழகாக்குவது ஆகாதா?

ஆகக்கூடாது. ஒழுகும் கூரையும் நாற்றமும் காசநோயும் யாருக்கும் வேண்டாம். அங்கே வாழ்பவர்களுக்கு முதலில் வேண்டாம். அக்கம்பக்க ஒற்றுமையைப் புகழ்ந்துவிட்டுச் சாக்கடையை மறந்துவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நல்ல வீடு கேட்கும் ஒருவரிடம், இப்போது உன்னிடம் இருப்பது வீடே அல்ல என்று சொல்லித்தான் தொடங்க வேண்டுமா? அப்படித் தொடங்கியவர்கள் எல்லோரும் இடிப்பதில்தான் போய் முடிந்திருக்கிறார்கள்.

350 சதுர அடி அடுக்ககம் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

தாராவி மறுசீரமைப்பு 2004இலிருந்து பேசப்படுகிறது. 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது விதி. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் இருப்பவர்களுக்கும் வேறு விதிகள். அவர்கள் வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருக்கும், பணமும் கட்ட வேண்டியிருக்கும்.

தனிக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர், உறுதியான கூரை, உரிமைப் பத்திரம் எல்லாம் பெரிய விஷயங்கள். அவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வெளியில் இருந்து பேசும் எவருக்கும் கிடையாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இருபதாம் மாடியில் அப்பளம் எங்கே காயும்? இட்லிக்காரர் அதிகாலை நான்கு மணிக்கு எந்த லிப்ட்டில் இறங்குவார்? மாதப் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? தாராவியில் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் எங்கே போகும்? இலவச வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்று பின்னர் ஏழைகளைக் குறை சொல்வார்கள். கட்டணம் கட்ட முடியாத வீட்டை வேறு என்ன செய்ய முடியும் என்பதை இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

என் பாட்டியின் தாராவி வீட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

உடனே தொடங்குங்கள், கட்டடங்கள் காத்திருக்காது. பாட்டியிடம் உணர்ச்சிகளைக் கேட்காதீர்கள், பொருள்களைக் கேளுங்கள். முதல் சுவர் எதனால் ஆனது, தகரம் எப்போது வந்தது, செங்கல் எப்போது வந்தது, மாடி எப்போது ஏறியது. பகடி, அதாவது குடிபுகக் கொடுக்கும் முன்பணம், எவ்வளவு கொடுத்தார்கள், யாரிடம், யார் சாட்சி. தண்ணீர் எங்கிருந்து வந்தது, வரிசையில் யார் நின்றார்கள். இரவில் யார் தலை எந்தப் பக்கம் இருந்தது. 1992-93 கலவரத்தின்போது கதவை யார் தட்டினார்கள், யாருக்குத் திறந்தார்கள். போட்டோ பாஸ், ரேஷன் அட்டை, சர்வே ரசீது, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடி நாடாவால் அறையை அளந்து ஒரு தாளில் வரையுங்கள். அடுப்பு, மோரி, பரண், சாமி மாடம் எங்கே என்று குறியுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள், ஏனென்றால் தன் வீட்டுக் கஷ்டத்தை உங்கள் பாட்டி குறைத்துத்தான் சொல்லுவார். எழுதியதை அவருக்கு ஒருமுறை முழுவதும் படித்துக்காட்டுங்கள். எதை வெளியிட வேண்டாம் என்று அவர் சொல்கிறாரோ அதை எடுத்துவிடுங்கள்.